எட்டா, பன்னிரண்டா: மோசேயின் சாவை மோசேயே எழுதினாரா?

ஏட்டுச்சுரைக்காய்:
நேற்று ராத்திரி குடும்ப வாட்ஸாப் குழுவில் ஒரு காணொளி வந்தது. கோட்டு சூட்டு போட்ட ஒரு பேச்சாளர், பெயர் வேண்டாம், "3000 வருஷமாக ஒரு யூதன்கூட ஐந்தாகமத்தை மோசே எழுதினார் என்பதைச் சந்தேகப்பட்டதில்லை, எல்லாம் ஜெர்மன் புரொபசர்கள் கிளப்பிவிட்டது" என்று அடித்துவிடுகிறார். எங்கள் மாமா அதற்கு மூன்று கைகூப்பும் பொம்மை போட்டிருக்கிறார். எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஐயா, யூதர்கள் தோரா என்று சொல்லும் இந்த ஐந்து புத்தகங்களும் பல மூலங்களின் தொகுப்பு என்று ஜெர்மன்காரர் வெல்ஹவுசன் எழுதியது 1878இல். அதற்கு 1200 வருஷத்துக்கு மேல் முந்திய பாபிலோனிய தால்மூத்தில், அதாவது யூத மத குருக்களான ரப்பிகளின் விவாதத் தொகுப்பில், பாபா பாத்ரா என்ற பகுதியில், தோராவின் கடைசிப் பன்னிரண்டு வசனங்களை எழுதியது மோசே இல்லை, அவருக்குப் பின் தலைவரான யோசுவா என்று ரப்பிகளே சொல்லியிருக்கிறார்கள். அந்த ஐந்தில் கடைசிப் புத்தகமான உபாகமத்தின் கடைசி அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். மோசே செத்தார், பள்ளத்தாக்கில் அடக்கம் நடந்தது, ஜனங்கள் முப்பது நாள் அழுதார்கள், குழி எங்கே என்று இந்நாள்வரைக்கும் யாருக்கும் தெரியாது. 'இந்நாள்வரைக்கும்' என்று எழுதுகிறவர் எந்த நாளில் உட்கார்ந்து எழுதுகிறார்? பதில் சொல்ல முடிந்தவர்கள் வரலாம்.

பாளைக்காரன்:
பன்னிரண்டு இல்லை, எட்டு. பாபா பாத்ரா 14ஆம் ஏடு, பின்பக்கம். யோசுவா தன் புத்தகத்தையும் தோராவில் எட்டு வசனங்களையும் எழுதினார் என்று இருக்கிறது. 34ஆம் அதிகாரம், 5 முதல் 12 வரை. விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். எண்ணே தெரியாதவர் தால்மூத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பெயருக்கு ஏற்ற சுரைக்காய்தான்.

அடுத்த ஏட்டையும் புரட்டியிருந்தால் ரப்பி ஷிமோன் அதை அங்கேயே மறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். சாவதற்கு முன்பே மோசே "இந்த நியாயப்பிரமாண புஸ்தகத்தை எடுத்து வையுங்கள்" என்று லேவியரிடம் கொடுத்துவிட்டார், ஒரு எழுத்துக் குறைந்த சுருளையா கொடுத்திருப்பார் என்று கேட்கிறார். அதுவரை கடவுள் சொல்லச் சொல்ல மோசே திருப்பிச் சொல்லி எழுதினார். அந்த எட்டு வசனம் வந்தபோது திருப்பிச் சொல்லாமல் கண்ணீரோடு எழுதினார். மூன்று வருஷம் எபிரேயம் படித்தவன் சொல்கிறேன்.

ஏட்டுச்சுரைக்காய்:
வந்துவிட்டார் வாத்தியார். அதிகாரத்தில் மொத்தம் பன்னிரண்டு வசனம் இருக்கிறதா, இல்லையா? 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் துதேலா ஊரிலிருந்து வந்த யூத உரையாசிரியர் ஆபிரகாம் இப்னு எஸ்ரா பன்னிரண்டு என்றுதான் சொல்கிறார். காரணமும் சொல்கிறார். முதல் வசனத்திலேயே மோசே நேபோ மலை ஏறிவிட்டார். ஏறினவர் இறங்கவே இல்லை. அப்படியானால் மேலே போய் உட்கார்ந்து எழுதி யாரிடம் கொடுத்தனுப்பினார், கழுகிடமா? எட்டு என்று சொன்னவர்களைவிடப் பன்னிரண்டு என்று சொன்னவருக்குக் கணக்குத் தெரியும்.

பாளைக்காரன்:
நீங்கள் எழுதியது "தால்மூத்தில் பன்னிரண்டு". இப்னு எஸ்ரா பெயரே உங்கள் முதல் பதிவில் இல்லை. தால்மூத்தில் எட்டு. எட்டு. போன மார்கழியில் சாக்கடல் சுருள்கள் 1957இல் கிடைத்தன என்று எழுதி, நான் 1947 என்று திருத்தியதும் "பத்து வருஷம் ஒரு பெரிய விஷயமா" என்று கேட்டவர்தானே நீங்கள்?

சும்மா ஒருவன்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 'எழுதினார்' என்றால் என்ன அர்த்தத்தில் இரண்டு பேரும் பேசுகிறீர்கள்? பேனா பிடித்தவரா, சொல்லிக் கொடுத்தவரா, தொகுத்தவரா? அதே பாபா பாத்ரா பட்டியல் ஏசாயா புத்தகத்தை எசேக்கியா ராஜாவும் அவருடைய ஆட்களும் 'எழுதினார்கள்' என்கிறதே. ஏசாயாவின் வார்த்தைகளை ஏட்டில் ஏற்றினார்கள் என்றுதானே அங்கே பொருள்? முதலில் அதைப் பேசி முடித்துவிட்டு...

ஏட்டுச்சுரைக்காய்:
மார்கழிக் கதையை இங்கே இழுக்க வேண்டாம் பாளையாரே, அது தட்டச்சுப் பிழை. இப்னு எஸ்ராவைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். உபாகமம் முதல் அதிகாரத்துக்கு உரை எழுதும்போது மனுஷன் ஒரு விடுகதை போடுகிறார். "பன்னிரண்டின் ரகசியம்" உனக்குப் புரிந்தால், "மோசே எழுதினான்" என்பதும் "அக்காலத்திலே கானானியர் அத்தேசத்தில் இருந்தார்கள்" என்பதும் ஓக் ராஜாவின் இரும்புக் கட்டிலும் புரிந்தால், உண்மையை அறிந்துகொள்வாய் என்கிறார். கட்டிலைப் பாருங்கள். ஒன்பது முழ நீளம், அது அம்மோனியருடைய ரப்பா ஊரில் இருக்கிறதல்லவா என்று வசனம் கேட்கிறது. ஓக்கை மோசே தோற்கடித்து மாதங்கள்தான் ஆகிறது. நேற்றுச் செத்த ராஜாவின் கட்டிலை அருங்காட்சியகப் பொருள்போல யாராவது காட்டுவார்களா? 'அக்காலத்திலே' கானானியர் இருந்தார்கள் என்றால், எழுதும் நாளில் அவர்கள் இல்லை என்றுதானே அர்த்தம்? அந்த வசனத்துக்கு உரை எழுதுமிடத்தில் இன்னும் அழகு. இதில் ஒரு ரகசியம் இருக்கிறது, அறிவுள்ளவன் வாயை மூடிக்கொள்வான் என்று விட்டுவிடுகிறார். இவர் ஜெர்மன் புரொபசரா? அந்தக் கோட்டு சூட்டுக்காரரிடம் யாராவது கேட்டுச் சொல்லுங்கள்.

பாளைக்காரன்:
அதே இப்னு எஸ்ரா, ஆதியாகமம் 36இல் வரும் ஏதோம் ராஜாக்கள் பட்டியல் மோசேக்குப் பல நூற்றாண்டு பிந்திய யோசபாத் ராஜா காலத்தில் எழுதப்பட்டது என்று சொன்ன இட்ஸ்ஹாக்கி என்பவரைப் பற்றி என்ன சொன்னார்? அவன் புத்தகத்தை எரிக்க வேண்டும் என்றார். அதை ஏன் மறைத்தீர்கள்? வேண்டிய வரியை மட்டும் பிய்த்துக்கொண்டு வருவது உங்களுக்குக் கைவந்த கலை.

எட்டு வசனத்தை யோசுவா எழுதினார் என்றே வைத்துக்கொள்வோம். யோசுவாவும் தீர்க்கதரிசி. அவருக்குச் சொன்னவரும் அதே கடவுள். இதில் சந்தேகம் எங்கிருந்து வந்தது? தோரா வானத்திலிருந்து வந்ததல்ல என்பவனுக்கு மறுமையில் பங்கில்லை என்று தால்மூத்துக்கு அடிப்படையான சட்டத் தொகுப்பு மிஷ்னா, சன்ஹெத்ரின் பத்தாம் அதிகாரம் சொல்கிறது. அதற்கு உரை எழுதிய யூதத் தத்துவ அறிஞர் மைமோனிடிஸ், யூத நம்பிக்கையின் பதின்மூன்று கொள்கைகளில் எட்டாவதாக இதை வைத்தார். "திம்னா மறுமனையாட்டி" என்ற சாதாரண வரியும் "இஸ்ரவேலே, கேள்" என்ற பிரதான வரியும் ஒரே எடை, எல்லாம் கடவுள் வாய்ச் சொல், மோசே எழுத்தர்போல எழுதினார் என்கிறார். அங்கேயும் எட்டு என்பதைக் கவனிக்கவும்.

ஏட்டுச்சுரைக்காய்:
எட்டாவது கொள்கைக்கும் எட்டு வசனத்துக்கும் என்ன சம்பந்தம்? விட்டால் எட்டாம் நம்பர் பஸ்ஸையும் சேர்த்துக்கொள்வீர்கள்.

கல்வெட்டு:
இவ்வளவு பேச்சு எதற்கு? எல்லாம் நாலு மூலங்களை வெட்டி ஒட்டியது என்று வெல்ஹவுசன் எப்போதோ முடித்துவிட்டார். யூதத் தத்துவஞானி ஸ்பினோசா அதற்கும் முன்னாடியே 'இது எஸ்ரா தொகுத்தது' என்று புத்தகம் போட்டார். (இப்னு எஸ்ரா இல்லை, வேதத்தில் வரும் எஸ்ரா.) அதற்காகத்தானே ஆம்ஸ்டர்டாம் யூதர்கள் 1656இல் அவரை ஊர்விலக்கு செய்தார்கள். உண்மை சொன்னால் எந்த மதமும் இதைத்தான் செய்யும்.

மதுரைமல்லி:
கல்வெட்டு தம்பி, கல்வெட்டில் தேதி முக்கியம். ஊர்விலக்கு 1656 ஜூலை 27. அப்போது அவருக்கு வயது 23. நீங்கள் சொல்லும் புத்தகம் வந்தது 1670இல், அதுவும் ஆசிரியர் பெயர் போடாமல், ஹாம்பர்க்கில் அச்சிட்டது என்று பொய் முகவரியோடு. பதினாலு வருஷம் கழித்து எழுதப்போகும் புத்தகத்துக்காக எப்படி விலக்குவார்கள்? விலக்கு உத்தரவில் அருவருப்பான போதனைகள் என்று பொதுவாகத்தான் இருக்கிறது, எந்தப் போதனை என்று இல்லை.

அப்புறம் எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள். யூதர் விவகாரம் பேசும்போது மோஷே என்று எழுதலாமே. 'பழைய ஏற்பாடு' வாசனை கொஞ்சம் குறையும்.

பாளைக்காரன்:
அக்கா, எங்கள் தாத்தா காலத்திலிருந்து மோசேதான். அதில் கை வைக்க வேண்டாம்.

கல்வெட்டு:
எங்கள் பக்கத்து வீட்டு ரோமன் கத்தோலிக்கப் பாட்டி மோயீசன் என்பார். காயல்பட்டினத்து நண்பன் மூஸா என்பான். ஆளே இருந்தாரா என்பது தெரியவில்லை, பெயர் நாலு.

மதுரைமல்லி:
1656க்குப் பதில் வரவில்லை.

கல்வெட்டு:
சரி, விலக்கு முந்தி, புத்தகம் பிந்தி. ஆனால் கருத்து அப்போதே மனதில் இருந்திருக்கும்.

மதுரைமல்லி:
மனதில் இருந்ததற்குக் கல்வெட்டு உண்டா தம்பி?

லண்டன் குளிர்:
நான் ஹெண்டன் பக்கம் இருக்கிறேன், சுற்றிலும் யூதக் குடும்பங்கள்தான். போன வருஷம் மேல்வீட்டுப் பெரியவர் தங்கள் ஜெபக்கூடத்தில் புதுத் தோரா சுருளை எழுதி முடிக்கும் விழாவுக்கு என்னையும் கூப்பிட்டார். நீங்கள் சண்டை போடும் அதே வசனங்களை அங்கே மேசைமேல் பார்த்தேன். தோலின் கடைசி வரிகளில் எழுத்துகளுக்கு ஓரக்கோடு மட்டும் போட்டு நடுவே வெறுமையாக விட்டிருந்தார்கள், நம் வீட்டில் குழந்தைகள் வண்ணம் தீட்டும் புத்தகம் மாதிரி. எழுத்தர் இறகுப் பேனாவை மையில் தொட்டு, அதிகமானதை விளிம்பில் வழித்துவிட்டு, ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். ஆளுக்கு ஓர் எழுத்து. கை நடுங்கிய ஒரு தாத்தா பேனாவைத் தொட்டுக்கொண்டு மட்டும் நிற்க, எழுத்தரே நிரப்பினார். ஒரு எழுத்து உடைந்தாலோ பக்கத்து எழுத்தோடு ஒட்டினாலோ சரிசெய்கிற வரை அந்தச் சுருளை வாசிக்கக் கூடாதாம். மொத்தம் 304805 எழுத்து.

மேல்வீட்டுப் பெரியவரிடம் மெதுவாக, "இந்த இடத்தை எழுதினது மோசேயா, யோசுவாவா?" என்று கேட்டேன். "மீன் ஆறுகிறது, முதலில் சாப்பிடு" என்றார். சாப்பிடும்போது ஒரு மணி நேரம் லூயி ஜேக்கப்ஸ் விவகாரம்தான் பேசினார். 1964ஐப் போன வாரம் நடந்ததுபோலச் சொல்கிறார். இன்னும் கோபம் அடங்கவில்லை.

ஏட்டுச்சுரைக்காய்:
அப்படிப் போடுங்கள்! லூயி ஜேக்கப்ஸ் யார் என்று தெரியாதவர்களுக்கு: மான்செஸ்டரில் பிறந்த ரப்பி, பழமை வழியில் படித்தவர், சனிக்கிழமை, சாப்பாட்டு விதி எல்லாவற்றையும் கடைப்பிடித்தவர். 1957இல் ஒரு புத்தகம் எழுதினார். தோரா கடவுளிடமிருந்து வந்ததுதான், ஆனால் மனிதர்கள் வழியாக, வரலாற்றின் ஊடாக வந்தது, நவீன ஆய்வை ஒதுக்க முடியாது என்றார். அவ்வளவுதான். 1961இல் லண்டனில் ரப்பிகளைப் பயிற்றுவிக்கும் கல்லூரிக்குத் தலைவராக வேண்டியவரைத் தலைமை ரப்பி இஸ்ரேல் புரோடி வரவிடாமல் தடுத்தார். 1964இல் பழைய ஜெபக்கூடத்துக்கே ரப்பியாகத் திரும்பலாம் என்றால் அதையும் தடுத்தார். அந்த ஜனங்கள் பலர் கிளம்பி வந்து அவருக்காகப் புது ஜெபக்கூடமே தொடங்கிவிட்டார்கள். 2005இல் பிரிட்டிஷ் யூதர்களின் வாரப் பத்திரிகை வாசகர்களிடம் வாக்கெடுப்பு நடத்தியபோது, பிரிட்டனில் வாழ்ந்த யூதர்களிலேயே மிகப் பெரியவர் என்று யாரைத் தேர்ந்தெடுத்தார்கள்? இவரைத்தான். "ஒரு யூதன்கூடச் சந்தேகப்பட்டதில்லை"யாம்.

பாளைக்காரன்:
ரொம்ப நன்றி. என் வாதத்தை நீங்களே நிரூபித்துவிட்டீர்கள். அவரை உள்ளே விட்டார்களா? விடவில்லை. பத்திரிகை வாக்கெடுப்பில் வேதப் பிரமாணம் தீர்மானமாகுமா? எது யூத நம்பிக்கை என்பதை அதிகாரத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். 1961லும் சொன்னார்கள், 1964லும் சொன்னார்கள்.

ஏட்டுச்சுரைக்காய்:
அதிகாரத்தில் இருந்தவர் சொன்னால் போதும் என்றால் யூதர்களே ஒத்துக்கொள்ள மாட்டார்கள் சாமி. அக்னாய் அடுப்புக் கதை படித்திருக்கிறீர்களா? மூன்று வருஷம் படித்தவராயிற்றே.

மதுரைமல்லி:
அதை நான் சொல்கிறேன், நீங்கள் சொன்னால் எண் மாறிவிடும். ஓர் அடுப்பு தீட்டா இல்லையா என்று சபையில் வழக்கு. ரப்பி எலியேசர் தனியாக நிற்கிறார். என் பக்கம் நியாயம் என்றால் இந்தக் கரோப் மரம் சொல்லட்டும் என்கிறார், மரம் பெயர்ந்து தூரப் போய் விழுகிறது. மரத்திலிருந்து ஆதாரம் எடுப்பதில்லை என்கிறார்கள். வாய்க்கால் பின்னோக்கி ஓடுகிறது. செல்லாது. கடைசியில் வானத்திலிருந்தே குரல் வருகிறது, அவர் சொன்னதுதான் சட்டம் என்று. ரப்பி யோசுவா எழுந்து நின்று, "அது வானத்தில் இல்லை" என்று உபாகமத்து வரியையே எடுத்து வீசுகிறார். தோரா கொடுத்தாயிற்று, இனிப் பெரும்பான்மைதான். கடவுள் சிரித்து, "என் பிள்ளைகள் என்னை ஜெயித்துவிட்டார்கள்" என்றாராம். பாபா மெட்ஸியா, 59ஆம் ஏடு. வேதத்தைக் கொடுத்தவர் வேறு, அதற்கு அர்த்தம் சொல்லும் அதிகாரம் உள்ளவர் வேறு என்று அவர்களே பிரித்துவிட்டார்கள். நீங்கள் இரண்டு பேரும் அதைப் பிரிக்கத் தெரியாமல் எட்டு பன்னிரண்டு என்று மாரடிக்கிறீர்கள்.

பாளைக்காரன்:
அக்கா, நான் மாரடிக்கவில்லை. எட்டு என்று சொன்னேன், அது எட்டு. அந்தக் கதையில் எலியேசருக்கு என்ன ஆனது என்பதையும் சொல்லுங்கள். அவரையும் விலக்கித்தான் வைத்தார்கள்.

சும்மா ஒருவன்:
நான் கேட்டது இன்னும் அப்படியே இருக்கிறது. மல்லி அக்கா சொன்னதையும் சேர்த்தால் 'எழுதியவர்' 'அதிகாரம்' இரண்டையும் தனித்தனியாக...

ஏட்டுச்சுரைக்காய்:
விலக்கம் விலக்கம் என்று குதிக்கிறீர்களே, அடுத்ததையும் கேளுங்கள். ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்கில் 1217இல் செத்த யூதா ஹெ-ஹாசித், பக்திமான் என்றே பட்டம் வாங்கியவர், அவரை விலக்க முடியுமா? அவருடைய விளக்கங்களை மகன் எழுதிவைத்தார். சில வரிகள் மோசேக்குப் பின்னால் சேர்க்கப்பட்டவை என்று அதில் பச்சையாக இருக்கிறது. 1975இல் அதை எருசலேமில் அச்சுப் போட்டார்கள். நியூயார்க்கில் இருந்த ரப்பி மோஷே ஃபைன்ஸ்டைன் என்ன சொன்னார் தெரியுமா? இவ்வளவு பெரிய பக்திமான் இப்படிச் சொல்லியிருக்க முடியாது, எவனோ அவிசுவாசி எழுதி அவர் பெயரைப் போட்டுவிட்டான், விற்கக் கூடாது என்றார். அடுத்த பதிப்பில் அந்த வரிகளைக் காணோம். எழுதியவர் யார் என்ற கேள்விக்குப் பயந்து, 'இதை எழுதியவர் அவர் இல்லை' என்று பதில் சொன்னார்கள். நான் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது.

பாளைக்காரன்:
ஃபைன்ஸ்டைன் அவர் காலத்தின் மிகப் பெரிய சட்ட அறிஞர். அவரைச் சிரிப்புக்கு எடுப்பவர், 1947ஐ 1957 என்று எழுதியவர். வாசகர்கள் முடிவு செய்யட்டும்.

கல்வெட்டு:
ஆக, இரண்டு தரப்பும் வெல்ஹவுசனிடம் தோற்றதை ஒத்துக்கொள்ள மாட்டீர்கள்.

மதுரைமல்லி:
வெல்ஹவுசன் ஒன்றும் நடுநிலை வகித்த நீதிபதி இல்லை தம்பி. பிற்கால யூத மதம் என்றால் வறண்ட சட்டம், பழைய உயிரோட்டம் செத்துப்போனது என்கிற தொனி அவரிடம் இருக்கிறது. அதனால்தான் கெய்ரோ கெனிசா என்ற பழைய யூத ஏட்டுக் குவியலைத் தோண்டிக் கொண்டுவந்த சாலமன் ஷெக்டர் 1903இல், 'உயர் விமர்சனம்' என்கிற இந்த மூல ஆய்வு உயர்ந்த ரக யூத வெறுப்பு என்றார். பிறகு எருசலேமில் வேத ஆய்வாளர் கசூட்டோ, அந்த மூலக் கொள்கையை 1941இல் வரிக்கு வரி பிரித்துப் போட்டார். அவர் மோசேதான் எழுதினார் என்றும் சொல்லவில்லை, அது வேறு கதை.

பாளைக்காரன்:
ரப்பி மொர்தெகாய் பிரோயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விமர்சகர்கள் பிரித்துக் காட்டுகிற இரட்டைக் கதை, மாறும் கடவுள் பெயர் எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருப்பவைதான், ஆனால் நாலு ஆள் எழுதவில்லை, கடவுளே நாலு கோணத்தில் எழுதினார் என்றார். பழமை வழியைச் சேர்ந்தவர். இஸ்ரேல் பரிசு வாங்கியவர். பதில் சொல்ல ஆள் இருக்கிறதா?

ஏட்டுச்சுரைக்காய்:
இருக்கிறது. கோணம் நாலு என்றால் மோசேயின் குழியை 'இந்நாள்வரைக்கும்' தேடிக்கொண்டிருந்தது எந்தக் கோணம்? எதைப் பேசினாலும் அந்தப் பன்னிரண்டு வசனத்துக்குத்தான் வர வேண்டும்.

பாளைக்காரன்:
எட்டு.

ஏட்டுச்சுரைக்காய்:
பன்னிரண்டு. 14ஆம் நூற்றாண்டில் இப்னு எஸ்ராவுக்கு உரை எழுதிய யோசேப் பான்ஃபிஸும் அந்த ரகசியம் கடைசிப் பன்னிரண்டு வசனம்தான் என்றார். அவர் இன்னொன்றும் சொன்னார். மோசே எழுதினால் என்ன, வேறொரு தீர்க்கதரிசி எழுதினால் என்ன, எல்லாம் தீர்க்கதரிசனமாக வந்த உண்மைதானே என்றார். 600 வருஷம் முன்னாடி ஒருவருக்கு இருந்த தைரியம் பாளையங்கோட்டையில் இல்லை.

பாளைக்காரன்:
அதைத்தான் ஐயா நானும் நாலு பதிவுக்கு முன்னால் சொன்னேன்! யோசுவாவும் தீர்க்கதரிசி என்று! நான் சொன்னால் கோழைத்தனம், பான்ஃபிஸ் சொன்னால் தைரியமா?

மதுரைமல்லி:
நாலு இல்லை, ஏகப்பட்ட பதிவுக்கு முன்னால். உங்களுக்கும் எண்ணிக்கை சரியில்லை பாளையாரே. அப்புறம் சுரைக்காய் அண்ணே, அந்தப் 'பன்னிரண்டின் ரகசியம்' கடைசி அதிகாரம்தான் என்று எப்படி அடித்துச் சொல்கிறீர்கள்? ஸ்பினோசாவே தயங்குகிறார். மோசேயின் புத்தகம் முழுவதையும் ஒரு பலிபீடத்தின் கற்களில் எழுதினார்கள், ரப்பிகள் கணக்கில் மொத்தம் பன்னிரண்டு கல்தான், அப்படியானால் அசல் புத்தகம் ரொம்பச் சின்னது, இப்னு எஸ்ரா சொன்னது அதுவாக இருக்கலாம் என்கிறார். இல்லாவிட்டால் உபாகமம் 27இல் வரும் பன்னிரண்டு சாபம், அதுவும் இல்லாவிட்டால் கடைசி அதிகாரம் என்று மூன்று வழி காட்டுகிறார்.

ஏட்டுச்சுரைக்காய்:
கல்லோ சாபமோ வசனமோ, பன்னிரண்டு என்பதில் யாருக்கும் சண்டை இல்லை பாருங்கள்.

பாளைக்காரன்:
கடவுளே. தால்மூத். தால்மூத்தில் எத்தனை?

லண்டன் குளிர்:
இன்று மாடிப்படியில் பெரியவரைப் பார்த்தேன், உங்கள் சண்டையைச் சொன்னேன். கண்ணீரோடு எழுதினார் என்பதற்கே இரண்டு மூன்று விளக்கம் இருக்கிறதாம். மைக்குப் பதில் கண்ணீரைத் தொட்டு எழுதினார் என்பது ஒன்று. வில்னா காவோன் என்ற பெரிய ரப்பியின் பெயரில் வழங்குவது இன்னொன்று: கண்ணீருக்கான அந்த எபிரேயச் சொல்லுக்குக் கலப்பு என்றும் பொருள் உண்டு, மோசே எழுத்துகளைப் பிரிக்காமல் கலைந்த வரிசையில் எழுதிவைத்தார், யோசுவா பிறகு சொல்லாகப் பிரித்தார். இரண்டு ரப்பிகள் சொன்னதும் சரி என்று ஆகிவிடுகிறது.

சும்மா ஒருவன்:
பாருங்கள், இங்கேயும் 'எழுதினார்' என்பதன் பொருள்தான்...

ஏட்டுச்சுரைக்காய்:
கண்ணீரால் எழுதினால் காய்ந்ததும் தெரியாதே, அப்புறம் யோசுவா எதைப் பார்த்துப் படித்தார்? ஆக மறுபடி யோசுவாதான் எழுதியாக வேண்டும். நான் முதல் பதிவிலேயே சொன்னது. மாமாவுக்கு இந்தச் சுட்டியை அனுப்பியிருக்கிறேன். அவர் மறுபடியும் கைகூப்பும் பொம்மை போட்டிருக்கிறார், யாருக்கு என்று தெரியவில்லை.

பாளைக்காரன்:
முதல் பதிவில் 'பன்னிரண்டு' இன்னும் திருத்தப்படவில்லை. திருத்தும் வசதி இருக்கிறது. பென்சில் படம் போட்ட பொத்தான், வலது மூலையில்.